நாடக உடை: இராமநாதபுரம் கடற்கரைக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டும் சுடிதாரும் தைப்பது பிழைப்புக்கு, நாடக உடை தைப்பது ஆசைக்கு. அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் திருவிழா, தவக்காலத்துப் பாஸ்கா (இயேசுவின் பாடுகளைக் காட்டுகிற நாடகம்), பள்ளி ஆண்டு விழா என்று தேவிபட்டினத்திலிருந்து சாயல்குடி வரைக்கும் உள்ள குழுக்கள் வந்து கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். வெளியூரில் சொல்லித்தரும் உடைப் பாடம் நம் கடற்கரையில் பாதிதான் செல்லும். மீதியை உப்பும் காற்றும் தீர்மானிக்கின்றன. அந்த மீதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனை நாளுக்கு முன்னால் உடை வேலையைத் தொடங்க வேண்டும்?

இருபது வேடம் வரைக்கும் உள்ள நாடகம் என்றால் எட்டு வாரம் வையுங்கள். வாடகை உடை மட்டும் போதும் என்றால் மூன்று வாரம் போதும்.

நம் ஊரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நடிக்கிறவர்களில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். அளவெடுக்க வரச் சொன்னால், "அக்கா, நாளைக்குத் தொழிலுக்குப் போறேன், வந்து பாத்துக்கலாம்" என்பார்கள். அந்த நாளை வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை விட்டுவிடாதீர்கள். விசைப்படகில் போகிற ஆட்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள். நாடகம் ஆடியிலோ ஆவணியிலோ நடந்தாலும், அளவெடுப்பதையும் முதல் போட்டுப் பார்ப்பதையும் இந்த நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

முதல் வேலை என்ன? துணி வாங்குவதா?

இல்லை. முதல் வேலை நாடகத்தை இரண்டு தடவை உட்கார்ந்து படிப்பது. முதல் தடவை கதைக்காக, இரண்டாவது தடவை கையில் பென்சிலோடு.

ஒரு நீள நோட்டில் கட்டம் போடுங்கள். மேலே காட்சி எண்கள், பக்கவாட்டில் வேடங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆள் அந்தக் காட்சியில் என்ன போட்டிருக்கிறார், தலையில் என்ன, காலில் என்ன, கையில் என்ன என்று எழுதுங்கள். எழுதும்போதே சிக்கல் தெரிந்துவிடும். மூன்றாம் காட்சி முடிவில் சேவகனாக வெளியே போகிற பையன் நான்காம் காட்சித் தொடக்கத்தில் மந்திரியாக நிற்க வேண்டும் என்பது அந்தக் கட்டத்தைப் போடாமல் யாருக்கும் தெரியாது. மேடையில்தான் தெரியும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

இயக்குநரோடு ஒரு முறையாவது உட்கார்ந்து இரண்டு விஷயம் கேளுங்கள். கதை எந்தக் காலத்தில் நடக்கிறது? இந்த ஆள் கதைக்குள்ளே எப்படி மாறுகிறார்? இந்த இரண்டுக்கும் பதில் வந்தால் உடைக்கு முக்கால் வழி தெரிந்துவிடும்.

வாடகைக்கு எடுப்பதா, தைப்பதா?

ஒரு தடவை மட்டும் போடுகிற ராஜா உடை, ரோமானியச் சேவகன் உடை, கிரீடம் இவற்றை வாடகைக்கு எடுங்கள். மேடையில் அதிக நேரம் நிற்கிற முக்கிய வேடங்களுக்குத் தையுங்கள். வாடகை உடை எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி தைத்திருப்பார்கள், அதனாலேயே யாருக்கும் சரியாகப் பொருந்தாது. இரண்டு வரி பேசிவிட்டுப் போகிறவருக்கு அது பரவாயில்லை. இரண்டு மணி நேரம் நிற்கிறவர் கையைத் தூக்கும்போதெல்லாம் அக்குளில் பிடித்தால், வசனத்தை விட்டுவிட்டு உடம்பைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

ஒரு முறை வெளியூர் வாடகைக் கடையிலிருந்து வந்த மூட்டையை நாடகத்தன்று மாலைதான் பிரித்தோம். ஏரோது மன்னன் அங்கியின் முதுகில் ஒரு சாண் கிழிசல். தைத்துப் போட்டு நாடகத்தை முடித்துத் திருப்பி அனுப்பினால், நாங்கள்தான் கிழித்தோம் என்று முன்பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து மூட்டை வந்த நிமிடமே ஒவ்வொரு உருப்படியையும் விரித்துப் போனில் படம் எடுக்கிறேன். பட்டன், கொக்கி, ஜிப்பு, அக்குள், கழுத்து எல்லாம் தனித்தனியாக. படத்தை அங்கேயே அவர்களுக்கு அனுப்பியும் விடுகிறேன்.

தைப்பதற்கான துணி, ஜரிகை, கண்ணாடிக்கல் எல்லாம் மதுரையில் கிடைக்கும். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தலைமுறையாக இருந்த தையற்கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடம் போடுகிறவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிற கைகள் அவை. ஜரிகைப் பட்டியை வைத்துத் தைக்கிற நேர்த்தியை அங்கே நின்று பார்த்தாலே பாதி கற்றுக்கொள்ளலாம். நல்ல பருத்தி வேண்டுமென்றால் மதுரை வரை போக வேண்டாம். நம் மாவட்டத்திலேயே பரமக்குடியும் எமனேசுவரமும் கைத்தறி ஊர்கள்.

ஸ்பெஷல் நாடகம் வைக்கிறோம். வள்ளி திருமண நடிகர்களுக்கும் நாங்கள் உடை கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லாரும் அவரவர் பெட்டியோடு வருவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிக்கொடுத்த மரபில் வருகிறவர்கள். அவர்களுடைய உடை அவர்களுடைய முதலீடு. நீங்கள் கொடுக்க வேண்டியது கதவு தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு அறை, பெரிய கண்ணாடி, நல்ல விளக்கு, மின்விசிறி, ஒரு குடம் நல்ல தண்ணீர். பெண் கலைஞர்களுக்குத் தனி அறை. பல ஊர்களில் மேடைக்குப் பின்னால் நாலு படுதாவைக் கட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். விடிய விடிய நம் ஊருக்காகப் பாடுகிறவர்களை அப்படி நடத்தக் கூடாது.

அளவெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சட்டைக்கு எடுக்கிற அளவோடு தலைச் சுற்று, கழுத்திலிருந்து தரை வரையான உயரம், பாதம், கையை மேலே தூக்கினால் இடுப்பிலிருந்து அக்குள் வரைக்கும் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதையும் எடுங்கள். நடிகரை உட்காரச் சொல்லி, குனியச் சொல்லி, மண்டியிடச் சொல்லிப் பாருங்கள். பாஸ்காவில் சிலுவை சுமக்கிறவர் மூன்று முறை விழுந்து எழ வேண்டும். நின்றபடி எடுத்த அளவில் தைத்த அங்கி முதல் விழுதலிலேயே முழங்காலில் மிதிபட்டுக் கிழியும்.

பக்கத் தையலில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டுத் தையுங்கள். அடுத்த வருடம் அதே அங்கியைத் தடிமனான ஆள் போட வேண்டி வரும். முக்கிய வேடத்துக்கு முதலில் காடாத் துணியில் ஓட்டுத் தையல் போட்டு மாட்டிப் பார்த்துவிட்டு, அதைப் பிரித்து அதன்மேல் நல்ல துணியை வெட்டுங்கள். ஒரு மாலை நேரம் கூடுதலாகும். நல்ல துணி வீணாகாது.

கடற்கரையில் எந்தத் துணி நிற்கும்?

இதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் வீட்டு உப்பு ஜாடியைப் பாருங்கள். மழை நாளில் அடியில் தண்ணீர் விட்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். நம் கரையில் இரவில் அந்த அளவு ஈரம் சாதாரணம். துணியில் ஏறுகிற உப்பும் அதே உப்புதான். கடற்காற்றிலிருந்து வந்தது கொஞ்சம், நடிகரின் வியர்வையிலிருந்து வந்தது கொஞ்சம். வெயிலில் உலர்த்தி மொடமொடவென்று எடுத்து வைத்த உடை நாலு நாள் கழித்துத் தொட்டால் நசநசவென்று இருப்பதற்கு இதுதான் காரணம். ஈரம் போனாலும் உப்பு உள்ளேயே இருக்கிறது, அது மறுபடி ஈரத்தைக் கூப்பிடுகிறது. அந்த ஈரத்தில் கொக்கி துருப்பிடிக்கும், ஜரிகை கறுக்கும், வெல்வெட்டில் பூசணம் பூக்கும்.

ஆகவே தோலை ஒட்டிப் போடுவது பருத்தியாகவே இருக்கட்டும். உள்ளே ஒரு பருத்தி பனியன், அதற்கு மேல் நாடக உடை. பனியனை ஒவ்வொரு நாடகத்துக்குப் பிறகும் துவைக்கலாம், மேலுடை தப்பிக்கும். வெல்வெட் பார்க்கப் பெருமையாக இருக்கும், ஆனால் நம் ஊருக்கு அது சுமை. வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும். வெல்வெட் தோற்றம் வேண்டுமென்றால் காலருக்கும் முன்பட்டிக்கும் மட்டும் வையுங்கள். சாட்டின் மினுக்கும், காற்றில் உடம்போடு ஒட்டும். தடிமனான பருத்தியில் பழைய பட்டுப்புடவைக் கரையை வைத்துத் தைத்தால் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது பட்டுதான்.

ஜிப்பு வைப்பதானால் பிளாஸ்டிக் பல் உள்ளது. உலோக ஜிப்பு ஒரே சீசனில் இறுகிவிடும். ஒரு வருடம் எங்கள் ராஜாவுக்கு முதுகு ஜிப்பு பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. முதல் மணி அடித்தாகிவிட்டது. ஊசியில் இரட்டை நூல் கோத்து அவரை நிற்க வைத்தே முதுகோடு சேர்த்துத் தைத்து அனுப்பினேன். நாடகம் முடிந்ததும் கத்தரியால் வெட்டித்தான் வெளியே எடுத்தோம். அவர் முதுகில் வியர்வை ஓடி ஓடி நூல் இறுகியிருந்தது. அன்றிலிருந்து உலோக ஜிப்பை என் கடைக்குள்ளே விடுவதில்லை. ஊக்கு என்றால் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு, கட்டுவதற்கு நாடா.

ஜரிகை கறுத்துவிட்டது. எலுமிச்சை போட்டுத் தேய்க்கலாமா?

தேய்க்காதீர்கள். எலுமிச்சை, புளி, பற்பசை எதுவும் வேண்டாம். ஜரிகையின் மேல்பூச்சு மிக மெல்லியது, தேய்த்தால் கறுப்போடு அதுவும் போய்விடும். வெள்ளிச் சரிகை கறுப்பது கந்தகத்தால், அதனால் ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைக்கக் கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது. அணிந்திருக்கும்போது சென்ட் அடிக்கவும் கூடாது. கஞ்சி போகத் துவைத்த பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். புதிதாக வாங்குவதானால் மேடைக்கு பிளாஸ்டிக் ஜரிகையே போதும். அது கறுக்காது, விளக்கில் நன்றாகவும் மின்னும்.

துருக்கறை?

வெள்ளைத் துணியானால் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்து வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். ப்ளீச்சிங் பவுடர் மட்டும் போடவே போடாதீர்கள், துருக்கறை நிலைத்துப் போகும்.

சாயத் துணியானால் உள்மடிப்பில் ஒரு துளி வைத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நான் பார்க்காமல் செய்து பட்டிருக்கிறேன். மாதா வேடத்து நீல முக்காட்டில் இரவெல்லாம் ஒரு இரும்பு ஊக்கு குத்தியே கிடந்து, காலையில் காசளவு பழுப்பு வட்டம். அவசரத்தில் எலுமிச்சையைப் பிழிந்தேன். துருவும் போயிற்று, அந்த இடத்தில் நீலமும் போயிற்று. அந்த வெளுத்த வட்டத்தின் மேல் வெள்ளி நூலில் ஒரு நட்சத்திரம் போட்டேன். ஒன்று மட்டும் இருந்தால் ஒட்டுப் போட்டது போல் தெரியும் என்று சுற்றிலும் பதினொன்று சேர்த்துப் பன்னிரண்டாக்கினேன்.

திறந்த மேடை. காற்றை எப்படிச் சமாளிப்பது?

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்கே சிக்னல் விழாது. அந்த ஊரில் அட்டையில் சிறகு கட்டி ஒரு பையனை மேடையில் நிறுத்துகிறோம்.

தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா ஜூலை 25. அது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற காலம். அந்தப் பருவத்தில் வேறொரு கரையூரில் சம்மனசு (தேவதூதர்) வேடத்துக்கு அட்டையில் பெரிய சிறகு செய்து, வெள்ளைத் தாள் ஒட்டி, நானே கட்டிவிட்டேன். பையனுக்குப் பதினோரு வயது. மேடை ஏறியதும் காற்று சிறகைப் பிடித்தது. அவன் பக்கவாட்டில் நாலு அடி நகர்ந்து தூணைப் பிடித்துக்கொண்டான். வசனத்தை விடாமல் சொன்னான், ஆனால் அவன் விரல்கள் தூணில் வெளுத்திருந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த விரல்களை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு என் சிறகுகள் எல்லாம் கொசுவலைத் துணியில், மூங்கில் சிம்பில். காற்று ஊடுருவிப் போய்விடும்.

மேலாடை, அதாவது ராஜாவும் சேவகனும் முதுகில் தொங்கவிடுகிற போர்வை, கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. காற்று இழுத்தால் தொண்டையை நெரிக்கும். இரண்டு தோளிலும் தனித்தனியாகத் தைத்து, அக்குள் வழியாக நாடா கொடுத்து மார்பில் கட்டுங்கள். அடி ஓரத்துக்குக் கனம் வேண்டும். மெல்லிய சங்கிலியையோ பழைய நாணயங்களையோ ஓரமடிப்புக்குள் வைத்துத் தைக்கலாம். நம் ஊரில் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைக் கொண்டு வந்து கொடுப்பார்கள். கனம் அருமையாக இருக்கும், ஆனால் ஈயம் நஞ்சு. பெரியவர்கள் உடைக்கு மட்டும், இரட்டைத் துணிப்பையில் தைத்து மூடி வையுங்கள். பிள்ளைகள் உடைக்கு வேண்டாம்.

தலைப்பாகையை மேடையில் சுற்றாதீர்கள். ஒரு பழைய துணித் தொப்பிமேல் சுற்றித் தைத்துவிட்டால் அப்படியே எடுத்து மாட்டலாம். டோப்பாவுக்கு உள்ளே எலாஸ்டிக், காதுக்குப் பின்னால் இரண்டு பித்தளை ஊக்கு.

மேடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு வாரம் முன்பே போய்ப் பாருங்கள். தென்கடல் பக்கத்து ஊர்களில் ஆனி, ஆடியில் கச்சான் கடுமை. வடகடல் பக்கம் கார்த்திகை, மார்கழியில் வாடை கடுமை. காற்று நடிகரின் முதுகில் அடித்தால் உடை முன்னால் பறந்து முகத்தை மூடும், முகத்தில் அடித்தால் உடம்போடு ஒட்டும். முதலாவதுக்குக் கனம் வேண்டும், இரண்டாவதுக்கு உள்ளே கெட்டியான லைனிங் வேண்டும்.

விளக்கில் நிறம் மாறிவிடுகிறதே?

மாறத்தான் செய்யும். நீல விளக்கில் சிவப்புத் துணி கறுப்பாகத் தெரியும். நிலா வெளிச்சக் காட்சிக்கு நீல ஃபோகஸ் போடுவார்கள், ராஜாவின் செக்கச்சிவந்த அங்கி கரித்துணி ஆகிவிடும். மஞ்சள் விளக்கில் நீலம் மங்கும். துணி வாங்குவதற்கு முன் ஒரு முழத் துண்டை லைட் செட் அண்ணனிடம் கொண்டுபோய் ஒவ்வொரு நிறத்திலும் காட்டச் சொல்லுங்கள்.

தூய வெள்ளை வேண்டாம். விளக்கில் கண்ணைக் கூசும், முகம் தெரியாது. வெள்ளைத் துணியைக் கடுந்தேநீர் டிகாஷனில் பத்து நிமிடம் முக்கி எடுத்து அலசுங்கள். கையில் பார்த்தால் அழுக்கு போல் இருக்கும், மேடையில் வெள்ளையாகவே தெரியும்.

ஒரு நிமிடத்தில் உடை மாற்ற வேண்டும். எப்படி?

வள்ளி திருமணத்தில் முருகன் வேடனாக வந்து, போய், கிழவனாக வருகிறார். அதில் நூறு வருடமாக இருக்கிற வித்தைதான்: உள்ளே ஒன்று, மேலே ஒன்று. இரண்டாவது உடையை முதலிலேயே போட்டுக்கொண்டு, அதன்மேல் முதல் உடை. மேலுடையை முன்பக்கம் பிரஸ் பட்டனில் வையுங்கள், இழுத்தால் வந்துவிட வேண்டும். வெல்க்ரோ வேகம்தான், ஆனால் பிரிக்கும்போது வருகிற சத்தம் மைக்கில் விழும். பாட்டு ஓடும்போது மாற்றுவதானால் மட்டும் வெல்க்ரோ.

மாற்றுவதை நடிகரும் உதவியாளரும் இருட்டில் பத்து முறை பழக வேண்டும். ஒருவர் கழற்றுவார், ஒருவர் மாட்டுவார், நடிகர் அசையாமல் கையை மட்டும் நீட்டுவார். மூன்று பேரும் ஒரே பட்டனைத் தேடினால் காட்சி போய்விடும்.

சேதுபதி, வேலு நாச்சியார், அருளானந்தர் வேடங்களுக்கு எது சரியான உடை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இவர்கள் நம் மண்ணின் ஆட்கள். சினிமாவிலிருந்து கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

சேதுபதி வேடம் என்றால் முதலில் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். சுவர் முழுக்க 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய ஓவியங்கள். முத்துவிஜய ரகுநாத சேதுபதி கொலுவிருக்கிறார், ஐரோப்பியரைச் சந்திக்கிறார், தஞ்சாவூர் மராட்டியரோடு போர் நடக்கிறது. பென்சிலும் நோட்டும் எடுத்துப் போய் அரைநாள் உட்காருங்கள். அங்கியின் நீளம் எதுவரை, இடைக்கச்சு எந்தப் பக்கம் தொங்குகிறது, மன்னருக்கும் சேவகருக்கும் தலைக்கட்டு எப்படி வேறுபடுகிறது, பெண்கள் சேலையை எப்படிச் செருகியிருக்கிறார்கள் என்று வரைந்து வாருங்கள். கடையில் விற்கிற சிவப்பு வெல்வெட் ராஜா எந்த நாட்டு ராஜா என்று அதன் பிறகு உங்களுக்கே தோன்றும்.

வேலு நாச்சியார் பிறந்தது 1730-ல், இராமநாதபுரம் அரண்மனையில். கணவர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் மாண்டது 1772. சிவகங்கையை மீட்டது 1780. கணக்குப் போட்டுப் பாருங்கள், கோட்டைக்குள் நுழைகிறபோது அவருக்கு ஐம்பது வயது. பள்ளி மேடைகளில் பதினெட்டு வயதுப் பெண்ணாக ஜிலுஜிலுவென்று நிறுத்துகிறோம். முதல் காட்சியில் பட்டும் முழு நகையும் கொடுங்கள். காளையார்கோவிலுக்குப் பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எட்டு வருடம் அலைந்த பெண்ணுக்கு மங்கின நிறத்தில் பருத்தி. வெற்றிக் காட்சியில் முதல் காட்சிப் பட்டின் கரையை மட்டும் இடைக்கச்சாகக் கட்டிவிடுங்கள். காதோரம் கொஞ்சம் நரை. வசனம் சொல்லாததை அந்தக் கரை சொல்லும்.

வேலு நாச்சியார் படையின் குயிலி தீப்பாய்கிற காட்சிக்கு உண்மைத் தீ கிட்டவே வரக் கூடாது. சிவப்பு, மஞ்சள் துணிக் கீற்றுகளும் ஒரு மேசை விசிறியும் போதும். தீப்பந்தம், கற்பூரம் ஏந்துகிற எவருக்கும் பாலியஸ்டர் போடாதீர்கள். அது உருகித் தோலில் ஒட்டும்.

கிறிஸ்தவத் துறவி அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) வேடத்துக்கு எப்போதும் வெள்ளை அங்கி கேட்டு வருகிறார்கள். அவர் லிஸ்பனில் 1647-ல் பிறந்தவர்தான், ஆனால் நம் நாட்டில் பண்டாரச்சாமியாக வாழ்ந்தவர். காவி அங்கி, தலையில் துணிக்கட்டு. 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் வெட்டுண்டவர் நம் ஊர்ச் சாமியாரின் கோலத்தில் வாழ்ந்த மனிதர் என்று மேடையில் தெரிந்தால்தான் கதை புரியும். காவியை நான் கடைச் சாயத்தில் ஏற்றுவதில்லை. செங்காவிக் கல்லை உரைத்து, இரண்டு மூன்று முறை முக்கி, வெவ்வேறு வெயிலில் காயவைப்பேன். ஒரே சீராக வராது. நடந்து பழகிய ஆளின் துணி அப்படித்தான் இருக்கும்.

மீனவர் வேடத்துக்கு உடை எளிதுதானே?

எளிது என்று நினைப்பதால்தான் தப்பாகப் போகிறது. புதுக் கைலி, புது பனியன், தோளில் மடித்த சிவப்புத் துண்டு. யாரும் அப்படிக் கடலுக்குப் போவதில்லை. நடிகர்கள் வீட்டிலேயே இருக்கிறது உண்மையான உடை. உப்பேறி வெளுத்த சட்டை, டீசல் கறை, வலை இழுத்து நைந்த முன்கை. அதைக் கேட்டு வாங்கி, துவைத்து, அப்படியே போடுங்கள்.

கடற்பாசி எடுக்கிற பெண்கள் வருகிற நாடகம் ஒன்றுக்குச் செய்தேன். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகச் சுற்றிய துணிக்கீற்று. அந்தக் கீற்றைச் சுற்றுகிற விதத்தை எனக்கு ஒரு பாட்டிதான் காட்டிக்கொடுத்தார். நுனியிலிருந்து கீழே வர வேண்டும், மேலே போனால் தண்ணீரில் அவிழும். மேடையில் நடிகை உட்கார்ந்து வசனமே இல்லாமல் ஒவ்வொரு விரலாகச் சுற்றினாள். முன்வரிசையில் இருந்த பெண்கள் தங்கள் கைகளைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

தனுஷ்கோடிப் புயல் நாடகத்தில் எல்லாரும் நனைந்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றலாமா?

1964 டிசம்பர் 22 இரவுக் கதை என்றால் மார்கழி வாடையில்தான் பெரும்பாலும் போடுவார்கள். ஈரத்துணியோடு அந்தக் காற்றில் நிற்க வைத்தால் காய்ச்சல் வரும், மேடையும் வழுக்கும், கீழே மின்கம்பி வேறு. துணியின் கீழ்ப்பாதியையும் தோள்களையும் அதே நிறத்தில் இரண்டு மடங்கு கருமையாகச் சாயமேற்றுங்கள். தலைமுடிக்கும் முகத்துக்கும் மட்டும் கிளிசரினில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தடவுங்கள். சொட்டச் சொட்ட நனைந்த மாதிரி இருக்கும்.

கிரீடம், நகைக்கு இங்கே கிடைப்பதை வைத்துச் செய்யலாமா?

தாராளமாக. பனை ஓலை நம் செல்வம். கொட்டான் முடைகிற அக்காமார்களிடம் தலைச் சுற்று அளவைக் கொடுத்தால் அட்டையைவிட லேசாக, வியர்வையில் நனைந்து குழையாத கிரீடச் சட்டம் முடைந்து தருவார்கள். அதன்மேல் துணி ஒட்டித் தங்க வர்ணம். சோவி, சிப்பி கடையில் கிடைக்கும். பவளப்பாறைத் துண்டை மட்டும் கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள், சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிர் அது.

நாடகத்தன்று உடைப் பக்கம் எத்தனை பேர் வேண்டும்?

பத்து நடிகருக்கு ஒருவர். அவர்கள் நாடகம் பார்க்கக் கூடாது, அதுதான் கஷ்டம்.

ஒவ்வொரு வேடத்துக்கும் உடையைத் தொங்கவிட ஒரு கயிறு, ஒரு துணிப்பை, பையில் பெயர். நகையும் பெல்ட்டும் செருப்பும் பையில். இடுப்பில் கட்டுகிற ஒரு பையில் ஊசி, கறுப்பு வெள்ளை நூல், பித்தளை ஊக்கு, கத்தரி, ஒட்டுநாடா. உடை போட்டபிறகு சாப்பாடு கிடையாது, தண்ணீர் மட்டும். டீ கூடாது. முழு உடையோடு முழு ஒத்திகை ஒன்றாவது நாடகத்துக்கு இரண்டு நாள் முன்னால் நடக்க வேண்டும், முந்தின இரவு அல்ல. குறையைத் திருத்த ஒரு பகல் வேண்டும்.

முடிந்ததும் எப்படித் துவைப்பது?

அன்று இரவே பையில் திணிக்காதீர்கள். கொடியில் உள்பக்கம் வெளியே தெரியத் தொங்கவிடுங்கள். நம் கிணறுகளில் பாதி உவர். அதில் துவைத்தாலும் கடைசி அலசல் மட்டும் குடிக்கிற தண்ணீரில் இருக்கட்டும். ஒரு குடம் காசு கொடுத்து வாங்கினாலும் சரி. அந்த ஒரு குடம்தான் உப்பை வெளியே எடுக்கிறது. நிழலில் காயவையுங்கள், கடலைப் பார்த்த மொட்டைமாடியில் அல்ல, வீட்டுக்குப் பின்பக்கம்.

துவைக்க முடியாத வேலைப்பாட்டு உடைக்கு அக்குளிலும் கழுத்திலும் ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, விசிறிக்கு அடியில் ஒரு பகல் போடுங்கள்.

மழைக்காலத்தில் எங்கே வைப்பது?

ஐப்பசி முதல் மார்கழி வரைதான் நமக்கு ஆபத்து. தகரப் பெட்டி துருப்பிடிக்கும், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி நல்லது. கஞ்சி போட்ட துணியை அப்படியே வைக்காதீர்கள், ராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி விருந்து. அந்துருண்டை வைப்பதானால் துணியில் கட்டி மூலையில், ஜரிகையிலும் பிளாஸ்டிக் கற்களிலும் படாமல். மழை விட்டு வெயில் அடிக்கிற ஒவ்வொரு நாளும் திறந்து காற்றாட விடுங்கள்.

பக்கத்து ஊர்க் குழு உடையைக் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுங்கள். பெட்டிக்குள் கிடக்கிற உடை, போட்டுத் துவைக்கிற உடையைவிட வேகமாகக் கெடும். கொடுக்கும்போது நோட்டில் உருப்படி வாரியாக எழுதி, படம் எடுத்து, "கடைசித் தண்ணி நல்ல தண்ணியா இருக்கட்டும் தம்பி" என்று சொல்லி அனுப்புங்கள். ஒவ்வொரு அங்கியின் உள்கழுத்திலும் வெள்ளைத் துணிப்பட்டி ஒன்று தைத்து, வேடம், தைத்த வருடம், மார்புச் சுற்று மூன்றையும் துவைத்தால் போகாத மையில் எழுதுங்கள். கீழே இடம் விடுங்கள், அதைப் போட்டவர்கள் பெயர் எழுத. எங்கள் காவி அங்கியில் இப்போது ஆறு பெயர் இருக்கிறது, மூன்று ஊர்.